அடுப்பங்கரைக்குள் விழுந்த கோடு

தொண்ணூறுகளில் ஐடிஐ-யில் கட்டிட வரைவாளர் படிப்பை முடித்து, திண்டுக்கல்லில் ஒரு இன்ஜினியரிடம் சேர்ந்தேன். முதல் வேலையே சேவுகம்பட்டியில் அண்ணன் தம்பி இருவருக்குப் பாகம் பிரிக்க ஒரு வீட்டை அளப்பதுதான். டேப்பின் ஒரு முனையை அண்ணன் பிடித்தார், மறுமுனையைத் தம்பி பிடித்தார். நடுக்கோடு சரியாக அடுப்பங்கரைக்குள் விழுந்தது.

"அடுப்பங்கரை எனக்குத்தான்டா!" என்று கத்திய அண்ணன், செங்கல்லை எடுத்துத் தம்பியின் நெற்றியில் அடித்தார். ரத்தம் என் வரைதாளில் தெறித்தது. தம்பி அரிவாளோடு பாய்ந்தார். அண்ணனின் மனைவி என்னை உள்ளே இழுத்துக் கதவைத் தாழிட்டார். அண்ணன் விலகிக்கொள்ள, அந்தக் கதவிலேயே வெட்டு விழுந்தது.

"இந்தக் கோடே வேணாங்க்கா, நான் போயிர்றேன்" என்று அழுதேன்.

"அடுப்பு போனாப் போகுது. நீ கோட்டப் போடு தாயி. நடுவுல செவரு வரலைன்னா ரெண்டு பேரும் வெட்டிக்கிட்டுச் செத்துருவாக."

ரத்தக்கறையின் மேலேயே போட்டேன். பிறகு எத்தனையோ வீடுகள் வரைந்துவிட்டேன். உயிர் பிழைக்கட்டும் என்று வரைந்த சுவர் அது ஒன்றுதான்.