போலீஸ் களை இல்லாத போலீஸ்காரர்

எங்கள் ஊர்ப் போலீஸ்காரர் வேலையில் சேர்ந்ததிலிருந்து ஒரு திருடனைக்கூடப் பிடித்ததில்லை. திருடர்கள் ஒத்துழைப்பதில்லை என்று வருத்தப்படுவார். பெருநகரத்திலேயே துப்பறிந்து அலுத்துப்போன டிவி தொடர் ஒன்று, ஒரு வாரக் கதைக்காக எங்கள் ஊருக்கு வந்தது. இவர் மீசையை முறுக்கிக்கொண்டு இயக்குநர் முன்னால் போய் நின்றார்.

"சார், உங்க மூஞ்சியில போலீஸ் களையே இல்லையே! திருடனா நடிக்கிறீங்களா?"

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மதியச் சாப்பாடு உண்டு என்றதும் அது அடங்கிவிட்டது. கடைத்தெருவில் ஓட ஓட விரட்டி இவரைப் பிடித்த போலீஸ், நிஜத்தில் மளிகைக்கடைக்காரர்.

ஒளிபரப்பான மறுநாள், சைக்கிள் காணோம் என்று ஸ்டேஷனுக்கு வந்த ஓர் அம்மாள் இவரைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டரிடம் கத்தினாள்: "அட, பிடிச்சிட்டீங்களா! டிவியில பார்த்தேனே, இவனேதான்!"

"அம்மா, அது நடிப்பு!"

"மாட்டினா எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க."

இன்ஸ்பெக்டர் சிரித்த சிரிப்பில் இவருக்கு மானமே போயிற்று. வெயிலில் தெருத்தெருவாக அலைந்து, சாயங்காலத்துக்குள் ஒரு சந்தில் கிடந்த சைக்கிளைக் கண்டுபிடித்து, அவள் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்.

அவள் மணியை அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எடுத்தவனுக்குத்தானே இடம் தெரியும்!"