சும்மா கிடக்கும் அறை

போலந்தில் போஸ்னான் நகரத்தில் என் தெருமுனையில் ஒரு கடை இருக்கிறது. அங்கே எதையும் விற்பதில்லை. திரைச்சீலை மாட்டச் சுவரில் துளை போட வேண்டியிருந்தது. டிரில் மிஷின்கள் வரிசையாக இருக்கின்றனவே என்று உள்ளே போய் விலை கேட்டேன். கடையைப் பார்த்துக்கொள்ளும் மாரெக் என்ற பெரியவர் சிரித்தார். எடுத்துப் போ, வேலை முடிந்ததும் கொண்டுவா என்றார். ஏணி, தையல் மிஷின், கூடாரம், குழந்தை வண்டி எல்லாம் தெருக்காரர்கள் கொடுத்தவை. தேவைப்படுகிறவர் எடுத்துப் போகலாம். ஆளுக்கொன்று வாங்கினால் பூமி தாங்காது என்பது அவர் கணக்கு. கொடுக்குமுன் அவரே ஒயரைத் தடவிப் பார்த்தார், பிளக்கில் செருகி ஓட்டினார். முதலில் எடுத்த மிஷினில் பொறி தெறித்தது. "இது வெளியே போகாது" என்று அதை ஓரமாக வைத்துவிட்டு வேறொன்றைத் தந்தார்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். திருப்பூர், பம்பாய், மஸ்கட் என்று சுற்றி, இப்போது இங்கே ஒரு சரக்குக் கிட்டங்கியில் பெட்டி தூக்குகிறேன். போன இடமெல்லாம் எதையாவது பங்குபோட்டுத்தான் பிழைத்தேன். மஸ்கட்டில் இன்னொருவன் எழுந்துபோன கட்டிலில் சூடு ஆறுமுன் படுத்திருக்கிறேன். மாரெக் கடைச் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் போனில் மொழிபெயர்த்துப் படித்தபோதுதான் இதற்குப் 'பகிர்வுப் பொருளாதாரம்' என்று பெயர் உண்டென்று தெரிந்தது. "சும்மா கிடக்கும் பொருள் பாவம். நாலு பேருக்குப் பயன்படட்டும்" என்றார் மாரெக். எனக்குத் திக்கென்றது. அந்த வாரம்தான் அக்கா போனில் அதே பேச்சைச் சொல்லியிருந்தாள்.

அக்கா முத்துமாரி ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவள். அவள் வேலை செய்த இடத்துக்கு அதிகாரிகள் வந்து சீல் வைத்துவிட்டார்கள். தீபாவளி சீசன் வேறு. இன்னொரு கம்பெனியில் உள்குத்தகைக்கு அறை பிடித்தவர் அவளைக் கூப்பிட்டிருக்கிறார். லைசென்ஸ் ஒருவர் பேரில், அறைகளைக் குத்தகைக்கு எடுத்தவர் ஒருவர், அவரிடமிருந்து உள்குத்தகைக்கு எடுத்தவர் இவர். நாலு பேர் உட்கார வேண்டிய அறையில் நெருக்கியடித்துக்கொண்டு ஆட்கள். இடம் போதாதவர்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வெடிக்குள் மருந்து செலுத்துகிறார்கள்.

"சும்மா கெடக்குற ரூமுதானத்தா, நாலு பேரு பிழைச்சுட்டுப் போகட்டும்ங்காரு" என்றாள் அக்கா.

"போகாதக்கா."

"ஏலே, நீ அங்கன உக்காந்துக்கிட்டு லேசாச் சொல்லிருவ. இங்கன மழையில்லாம காடு காஞ்சு கெடக்கு. மச்சான் முதுகு ஒடிஞ்சு படுத்திருக்காக. நீ அனுப்புறது அவுக வைத்தியத்துக்கே சரியாப் போகுது."

"அதுக்காக அம்புட்டுப் பேரும் ஒரே ரூமுலயா?"

"ஆமா. மூச்சக்கூட முறை வச்சுத்தாம்லே விடணும்" என்று சிரித்தாள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

நானும் ஊரில் அந்தப் பட்டாசு வேலை பார்த்து, பயந்து ஓடி வந்தவன்தான். ஒருமுறை பக்கத்து அறை தீப்பிடித்துக்கொண்டது. எங்கள் அறைக்கு இரண்டு வாசல். தப்பி ஓட வேண்டிய வாசலில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. அந்த வாசலை ஒட்டிய தாழ்வாரத்தையும் வேறு யாரோ பங்குக்கு எடுத்திருந்தார்கள். பெட்டிகளை உடைத்துக்கொண்டு வெளியே விழுந்தோம். பக்கத்து அறையில் இருந்தவர்கள் வெளியே வரவில்லை. பிறகு விசாரணை வந்தபோது பெட்டிக்குச் சொந்தக்காரர் என்று ஒருவருமில்லை. முதலாளி குத்தகைக்காரரைக் காட்டினார். அவர் உள்குத்தகைக்காரரைக் காட்டினார். அவர் ஊரிலேயே இல்லை.

உங்கள் நாட்டிலும் இப்படிப் பகிர்வது உண்டா என்று மாரெக் கேட்டார். உண்டு என்றேன். உடனே சனிக்கிழமைக் கூட்டத்தில் பேசக் கூப்பிட்டுவிட்டார். கூட்டம் வளங்குன்றா வளர்ச்சியைப் பற்றியது. போலிஷ் மொழியில் எனக்குத் தெரிந்தது கிட்டங்கிப் பேச்சு மட்டும். தூக்கு, இறக்கு, உடையும் பார். அதை வைத்துக்கொண்டு சொன்னேன்: ஒரே அறை, பல முதலாளிகள், நிறைய ஆட்கள், ஓர் அங்குலம்கூட வீணாவதில்லை. கைதட்டினார்கள். இன்னும் முடிக்கவில்லை என்று கையைக் காட்டிவிட்டு, "விபுக்" என்றேன். வெடிப்பு என்று அர்த்தம். என்ன செய்கிறீர்கள் அங்கே என்று ஒரு பெண் கேட்டாள். பட்டாசு என்றேன். "ஃபயெர்வெர்கி!" என்று அவள் முகம் மலர்ந்தது. புத்தாண்டு வானத்தில் பூ விரிவதை விரல்களால் காட்டினாள். மாரெக் என் தோளைத் தட்டி, உங்களைப் போன்றவர்களிடம் நாங்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார்.

நல்ல மனிதர். அவர்மேல் கோபப்பட ஒன்றுமில்லை. அவர் கடை இல்லாவிட்டால் இந்தத் தெருவுக்குக் குப்பை கூடும். ஆனால் பொறி தெறிக்கும் மிஷினை 'வெளியே போகாது' என்று சொல்ல அங்கே அவர் இருக்கிறார். அக்காவின் அறையை மூன்று கை பங்குபோட்டதில் அப்படிச் சொல்லும் ஆள்தான் காணாமல் போனார். சாவு மட்டும் உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் பங்கு. இதைச் சொல்லப் போலிஷ் வார்த்தை தேடினேன். அதற்குள் அடுத்தவர் சைக்கிளைப் பற்றிப் பேச எழுந்துவிட்டார்.

அக்கா அந்த அறைக்கு வேலைக்குப் போய்விட்டாள். என்னிடம் கேட்டுவிட்டுத்தான் போனாள். போகாதே என்பதைத் தவிர அவளுக்குக் கொடுக்க என்னிடம் வேறொன்றும் இருக்கவில்லை. சாயங்காலம் வேன் ஊர் மந்தைத் திடலில் இறக்கிவிட்டதும் ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். இங்கே அது மதியச் சாப்பாட்டு நேரம். டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு தொடாமல் உட்கார்ந்திருப்பேன். நான் சாமி கும்பிடுகிறேன் என்று நினைத்து, கூட வேலை பார்க்கும் போலந்துக்காரர்கள் மரியாதையாகக் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். போன் ஒருதரம் அடித்து நின்றால்தான் முதல் வாய்ச் சோறு. வேன் தாமதமாகும் நாட்களில் இடைவேளை முடிந்துவிடுகிறது. டப்பாவை அப்படியே மூடிவிட்டுப் பெட்டி தூக்கப் போகிறேன். கை போஸ்னானில் எடை தூக்குகிறது. காது அந்த மந்தையில் வேனுக்காகக் காத்து நிற்கிறது.