ஷெஹ்தாவின் கைக்கு ஒரு கருவி

வாய்க்கால் கரையிலிருந்து இடது கையால் ஒரு பிடி ஈரக் களிமண்ணை அள்ளி வருகிறார் ஷெஹ்தா. அதை உருட்டி, ஸ்பானர் நுழையாத இடுக்கில் திணித்து, மெதுவாக வெளியே எடுக்கிறார். நட்டின் ஆறு முனைகளும், அதைச் சுற்றி எத்தனை விரற்கடை இடம் இருக்கிறது என்பதும் மண்ணில் பதிந்திருக்கின்றன. மண்ணை ஜன்னலில் காயவைத்துவிட்டு இன்ஜின்காரரிடம் சொல்கிறார்: "நாளைக்கு வாங்க. இதைக் கழட்டறதுக்கு முதல்ல ஒண்ணு செய்யணும்."

எகிப்தின் தசூக் ஊருக்கு வடக்கே, நெல்வயல்களுக்கு நடுவில் இருக்கிறது அவருடைய பட்டறை. கடையில் வாங்கிய கருவிகள் ஒரு தகர டப்பாவுக்குள் அடங்கிவிடும். சுவரில் தொங்குபவை எல்லாம் அவர் செய்தவை. வாத்துக் கழுத்துபோல இரண்டு இடத்தில் வளைத்த ஸ்பானர். இரும்புக் கட்டில் காலில் செய்த, வால்வு ஸ்பிரிங்கை அமுக்கும் கவ்வி. டிராக்டரின் உடைந்த வில் பட்டையில் மூன்று துளை போட்டுச் செய்த, இறுகிய சக்கரத்தை இழுத்தெடுக்கும் புல்லர். வால்வு தேய்க்கும் குச்சியின் நுனியில் உள்ள ரப்பர் கிண்ணம் மகள் ஹனானின் விளையாட்டு அம்பிலிருந்து பிடுங்கியது. அவளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

டீயை இன்ஜினிலிருந்து கழற்றிய பழைய புஷ் ராட் கம்பியால்தான் கலக்குவார். துடைத்த பிறகுதான் என்று சத்தியம் செய்வார். யாராவது நன்றி சொன்னால் எரிச்சல் வரும். "இன்ஜின் ஓடுதுல்ல? தண்ணி போகுதுல்ல? அப்புறம் என்ன பேச்சு?"

போன குளிர்காலத்தில் ஒரு காலை, அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தபோது அரம் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுத்தார். மறுபடி நழுவியது. மூன்றாவது முறை அவரே விழுந்தார். பக்கவாதம். பதினோரு நாள் ஆஸ்பத்திரி. தோள் திரும்பி வந்தது, முழங்கை வந்தது. வலது கை விரல்களுக்குத் தொடுவது தெரிந்தது, மூடத்தான் தெரியவில்லை. ஊரார் வாத்தும் வெண்ணெயும் கொண்டுவந்தார்கள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பட்டறையில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்.

ஒரு மதியம் தூங்கி எழுந்தபோது வலது கையில் பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியிருந்தது. மனைவி இன்சாஃப் அவர் விரல்களை ஒரு மாவு உருண்டையின் மேல் மடக்கி அழுத்திக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது, ரொட்டியா சுடப்போற?"

"கையை ஆட்டாதீங்க அபூ ஹனான். அளவு எடுக்கிறேன்." ஹனானின் அப்பா என்ற பொருளில் அவரை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

களத்து மெஷினின் பழைய தோல் பெல்ட்டை வெட்டி, முழங்கை முதல் உள்ளங்கை வரை வரும், வார்கள் வைத்த ஓர் உறையைத் தைத்தாள். உள்ளங்கைப் பக்கம் ஒரு குட்டைக் குழாய். அதில் ஸ்பானரின் காம்பு நுழையும். வெல்டிங்காரர் பஸ்யூனி குழாயை நேராக ஒட்டிக் கொடுத்தார். அவள் திருப்பி அனுப்பினாள்.

"கொஞ்சம் சாய்வு வேணும். நேரா இருந்தா அவருக்கு இழுக்க வராது."

"உஸ்தா சொன்னாரா?" என்றார் பஸ்யூனி. கைத்தொழிலில் தேர்ந்தவரை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள்.

"முப்பத்தோரு வருஷமா பாத்துட்டிருக்கேன். நான் சொல்றேன்."

நான்காவது முறை சரியாக வந்தது. ஷெஹ்தா அதைத் தொடவில்லை. "கழுதைக்குப் பூட்டற மாதிரி இருக்கு" என்றார்.

"கழுதை தினம் வேலைக்குப் போகுது."

உறை ஆணியில் தொங்கியது.

நடவுக் காலம் வந்தது. ஒரு காலை ஹாஜி மெத்வல்லி ஓடிவந்தார். அவருடைய பம்பு இன்ஜினின் கனத்த சக்கரத்துக்குள், அதைத் தண்டோடு பிணைக்கும் சாவிக்கட்டை முறிந்து, சக்கரம் தண்டில் இறுகிவிட்டது. வாய்க்காலில் தண்ணீர் முறை மறுநாளோடு முடிகிறது. நாற்று மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

"டவுனுக்குப் போங்க ஹாஜி."

"போனேன். சம்மட்டியால அடிச்சுத்தான் எடுக்கணும்கிறாங்க."

"வார்ப்பிரும்பை அடிக்கறதா? தெறிச்சுடும்." ஷெஹ்தா எழுந்துவிட்டார். எழுந்த பிறகுதான் தன் கை நினைவுக்கு வந்தது. அப்படியே நின்றார். வாசலில் இருந்த இன்சாஃப் உறையை எடுத்து நீட்டினாள்.

மூவரும் கழுதை வண்டியில் வயலுக்குப் போனார்கள். புல்லரை இடது கையால் பொருத்தி, நடு போல்ட்டில் ஸ்பானரை மாட்டி இழுத்தார். உறை வழுக்கியது, விரல் முட்டிகள் இரும்பில் உரசித் தோல் உரிந்தது.

"நான் திருப்பறேன் உஸ்தா" என்றார் மெத்வல்லி.

"நீங்க திருப்பினா உடைச்சிடுவீங்க. எங்க நிறுத்தணும்னு உங்களுக்குத் தெரியாது."

இன்சாஃப் டீ அடுப்பில் ஓர் ஆணியைப் பழுக்கக் காய்ச்சி, உறையின் வாரில் இன்னொரு துளை போட்டாள். அவசரத்தில் கட்டைவிரலைச் சுட்டுக்கொண்டாள். வாரை இறுக்கிக் கட்டினாள்.

ஷெஹ்தா இம்முறை தோளிலிருந்து இழுத்தார். கால் சுற்று. இன்னும் கொஞ்சம். குழாய் வழியாக, தோல் வழியாக, இரும்பு விறைப்பது அவர் முழங்கைக்கு வந்து சேர்ந்தது. ஆறு மாதமாக அவர் கேட்காத பேச்சு அது. நிறுத்தினார்.

"போல்ட்டு தலையில ஒரு தட்டு ஹாஜி. மெதுவா. முட்டையைத் தட்டற மாதிரி."

மெத்வல்லி தட்டினார். டங்கென்று ஓர் ஓசை. சக்கரம் தண்டை விட்டு நகர்ந்து வந்தது. அதே குழாயில் அரத்தைச் செருகி, ஓர் இரும்புத் துண்டைப் புதுச் சாவிக்கட்டையாகத் தேய்த்து முடிக்க மதியத் தொழுகை நேரம் ஆகிவிட்டது. மெத்வல்லி கைப்பிடியைச் சுழற்றினார். இன்ஜின் கரும்புகையைக் கக்கி, இருமி, ஓடத் தொடங்கியது. பம்புக் குழாயின் வாயில் தண்ணீர் கொட்டியது.

"ஆண்டவன் உங்க கையை நல்லா வெக்கணும் உஸ்தா" என்றார் மெத்வல்லி. ஷெஹ்தா வழக்கம்போலச் சீறவில்லை. தலையசைத்தார்.

இன்சாஃப் அருகில் வந்து வார்களை அவிழ்க்கத் தொடங்கினாள். அவள் கட்டைவிரல் சிவந்து கொப்பளித்திருந்தது. ஆண்டவனுக்கு நன்றி சொல்லும்போது அந்தப் பக்கத்தில் எல்லோரும் தங்கள் கையைத்தான் முன்னும் பின்னும் முத்தமிட்டுக்கொள்வார்கள். ஷெஹ்தா இடது கையால் அவள் கையைப் பிடித்தார். உள்ளங்கையில் ஒன்று, திருப்பி, புறங்கையில் ஒன்று.