போர்டில் என் நம்பர்

சிவகாசியிலிருந்து சாத்தூர் போகும் வழியில் என் கொழுந்தனாருக்கு ஒரு பட்டாசுக் கம்பெனி இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் ஒருநாள் வீட்டுக்கு வந்தவர், காபி ஆறுவதற்குள் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு போனார்.

"உள்ளகப் புகார் குழுன்னு ஒண்ணு வைக்கச் சொல்றாக மதினி. வேலை பாக்குற பொம்பளைகளுக்குத் தொந்தரவுன்னா சொல்றதுக்கு. அதுல வெளி உறுப்பினர் ஒருத்தர் வேணுமாம். நீங்க காலேஜ்ல இருந்தவுக. சும்மா பேருக்குத்தான்."

நானும் பேருக்குத்தான் சம்மதித்தேன். சட்டம் வெளியாள் வேண்டும் என்று கேட்கிறது; அந்த வெளியாளைப் பொறுக்கும் வேலையை முதலாளியிடமே விட்டுவிட்டது. அவர் தன் அண்ணன் மனைவியைப் பொறுக்கினார். முப்பது வருஷம் பிள்ளைகளின் விடைத்தாளில் தப்புத் தேடியவள் நான். இது என் கண்ணில் படவில்லை.

குழுவில் யார் யார் என்று கம்பெனியில் மாட்டுகிற போர்டைத் திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் அடித்தார்கள். புரூஃப் வாட்ஸ்அப்பில் வந்தது. என் பெயருக்குக் கீழே செல் நம்பர் கொட்டை எழுத்தில் இருந்தது. கண்டவர்களும் கூப்பிட்டு உயிரை வாங்குவார்களே என்று எனக்கு எரிச்சல். 'நம்பரைச் சின்னதாகப் போட்டால் போதும்' என்று பதில் அனுப்பினேன். அப்படியே செய்தார்கள்.

குழு ஒருமுறைகூடக் கூடவில்லை. வருஷத்துக்கு ஒருதரம் 'புகார் எதுவும் இல்லை' என்று டைப் செய்த தாள் வரும். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவேன்.

போன சீசனில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. "கம்பெனி போர்டுல இருக்கிறவுகளாம்மா?" என்று ஒரு பெண் குரல். நேரில்தான் பேச வேண்டும் என்றாள். மறுநாள் காலை விருதுநகரில் பஸ் இறங்கி, விசாரித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள். முப்பது வயதிருக்கும். பேப்பர் குழாய் சுருட்டுகிற வேலை. திங்கட்கிழமை குழாய் எடுக்கப் போனவளை உள்ளே வைத்து, போர்மேன் குடோன் கதவைச் சாத்தியிருக்கிறான். அதற்கு மேல் அவள் சொன்னதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அதை எங்கே சொல்வது, யாரிடம் சொல்வது என்பதெல்லாம் அவள் முடிவு.

"யாருகிட்டச் சொன்னாலும் கம்பெனிக்குத் தெரிஞ்சுருமேன்னு பயமா இருந்துச்சும்மா" என்றாள். தண்ணீர் குடித்தாள். அப்போதுதான் சுவரில் மாட்டியிருந்த எங்கள் குடும்பப் போட்டோவைப் பார்த்தாள்.

"இது எங்க முதலாளில்லம்மா?"

"ஆமா. என் கொழுந்தனார்."

டம்ளரை வைத்துவிட்டு எழுந்தாள். "வெளி ஆளுன்னு போட்டிருந்துச்சேம்மா." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பஸ் மாறி ஏறியவள் கண்டக்டரிடம் சொல்வது போலச் சொன்னாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. நாலு ஆறுதல் வார்த்தை சொல்லப் போனேன், நிறுத்திக்கொண்டேன். நான் நல்லவளா கெட்டவளா என்பது அவளுக்கு எதற்கு? கம்பெனிக்கு எந்தச் சொந்தமும் இல்லாத ஒருத்தர் அவளுக்குத் துணை வர வேண்டும், அவ்வளவுதான்.

"நீ சொல்றது சரிதான். நான் வெளி ஆளு இல்ல. நாளைக்குக் கோர்ட்டுக்குப் போவோம். அங்க இலவசமா வக்கீல் குடுப்பாக. எங்க குடும்பத்து ஆளு யாரையும் தெரியாத வக்கீலா நீயே கேட்டு வாங்கு."

அப்படித்தான் ஒரு பெண் வக்கீல் கிடைத்தார். போலீசில் புகார் பதிவானது, போர்மேன் கைதானான். நான் குழுவிலிருந்து விலகிக் கடிதம் கொடுத்தேன். கொழுந்தனார் முகம் கொடுத்துப் பேசவில்லை. "முதல்ல எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மதினி" என்றார். அதற்காகத்தான் அவர் என்னைப் போட்டிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆளைப் போடும் அதிகாரத்தை முதலாளி கையிலிருந்து பிடுங்காதவரை எந்தக் கம்பெனியிலும் இந்தக் கதைதான்.

சாட்சி சொல்லும் நாளுக்கு முன் வக்கீல் அவளை உட்காரவைத்து, எதிர்த்தரப்பு என்னென்ன கேட்கும் என்று பழக்கினார். நானும் ஒரு சாட்சி என்பதால் கூட இருந்தேன்.

"முதல்ல இதைத்தான் கேப்பாங்க. திங்கட்கிழமை நடந்ததைச் சனிக்கிழமை வரைக்கும் ஏன் சொல்லல?"

"நம்பரை மனப்பாடம் பண்ண அஞ்சு நாளாச்சும்மா."

வக்கீலுக்குப் புரியவில்லை. அவள் விளக்கினாள். வெடிமருந்து புழங்கும் இடம் என்று கம்பெனி வாசலிலேயே செல்போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள்; போர்டைப் போட்டோ எடுக்க வழியில்லை. போர்டு மாட்டியிருப்பது போர்மேன் நாற்காலிக்கு நேர் மேலே. தினமும் காலையில் அவன் முன்னால் நின்று பேர் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

"எழுத்து ரொம்பப் பொடிசும்மா. உத்துப் பாத்தா அவனுக்குத் தெரிஞ்சுரும். பேரு குடுக்குற நேரத்துக்குள்ள ரெண்டு நம்பருதான் பாக்க முடிஞ்சுது. ஒரு நாளைக்கு ரெண்டு."

வக்கீல் எழுதிக்கொண்டார். எழுத்து ஏன் பொடிசாக இருந்தது என்று அவர் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன்.

"அதையும் எழுதிக்கோங்க" என்றேன்.