நான் கழுவிவிட்ட குறி

கராஜில் சேர்ந்த முதல் நாள் முதலாளி எனக்குச் சொன்ன வேலை ஒன்றே ஒன்றுதான். கழற்றுகிற சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து வைக்க வேண்டும். கராஜ் ஓர்ஸ் ஹில்லுக்குக் கீழே, துறைமுகப் பக்கம் போகிற றோட்டில் இருந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அந்த வேலை பிடித்துக்கொண்டது. யாரோடும் கதைக்கத் தேவையில்லை. கராஜில் நான் ஒருத்திதான் பெட்டை; ஆம்பிளைகளைக் கூப்பிட வேண்டுமென்றால் தகரப் பீப்பாயில் ஸ்பனரால் இரண்டு தட்டுத் தட்டுவேன். அவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

அது எழுபதுகள், புதுச் சாமான் கிடைக்காத காலம். தோப்பூர் ஹாஜியார் ஒருவரின் பழைய ஜீப் வந்தது. வயல் வரம்பிலும் மணலிலும் ஓடி உழைத்த ஜீப். ஸ்டார்ட் பண்ணினால் கறகறவென்று சத்தம் மட்டும் வரும். எஞ்சினுக்குப் பின்னால் சுழலும் பாரச் சில்லான பிளைவீலைச் சுற்றியிருக்கும் பல்வளையம் ஒரு பக்கம் தேய்ந்திருந்தது.

"வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு முதல் தந்திருங்க. இத தள்ளித் தள்ளி வீட்டு ஆக்களுக்கு இடுப்பு விட்டுப் போயிட்டு," என்று ஹாஜியார் சொல்லிவிட்டுப் போனார்.

வேலை மெக்கானிக் குணம் அண்ணையிடம் போனது. முந்திய மாதம் அவர் ஒரு லொறிக் கியர்பொக்ஸைப் பிழையாகப் பூட்டி, மறுபடி இறக்க வேண்டி வந்தது. அன்று எல்லாருக்கும் முன்னால் முதலாளி சொன்னார்: "இன்னொருக்கா ஒரு வேலைய ரெண்டாந்தரம் இறக்கினாயெண்டால் நீயும் அதோட இறங்கிப் போ." குணம் அண்ணைக்கு மூன்று பிள்ளைகள்.

கியர்பொக்ஸை இறக்கி, கிளச்சைக் கழற்றினால்தான் பிளைவீல் தெரியும். அதை ஆறு போல்ட் பிடித்திருக்கும். போல்ட் தலைகளில் மடித்திருக்கும் பூட்டுத் தகடுகளை உளியால் நிமிர்த்தி, பிளைவீல் சுழலாமல் அலவாங்கால் முட்டுக்கொடுத்து, ஒவ்வொன்றாக இளக்கினார். கடைசி இரண்டையும் அரைவாசிக்கு விட்டு, சுற்றிச் சுற்றித் தட்டி அசைத்தார். முழுக்கக் கழற்றிவிட்டுத் தட்டினால் அந்தப் பாரம் நெஞ்சில்தான் விழும்.

பிளைவீல் ஒரே விதமாக மட்டும் ஏறுவதற்கு இரண்டு ஊசிகள் இருக்க வேண்டும். அவற்றை முன்பு யாரோ கழற்றி எறிந்துவிட்டார்கள். ஊசி இல்லாவிட்டால் ஆறு விதமாகவும் ஏறும். ஒரு விதம்தான் சரி. அதற்காகக் குணம் அண்ணை கழற்றுமுன் பிளைவீல் ஏறுகிற கிராங்குத் தண்டின் முனையிலும் பிளைவீலிலும் சேர்த்து வெண்கட்டியால் ஒரு கோடு கீறியிருக்கிறார். எனக்கு அது தெரியாது.

நான் பிளைவீலை மண்ணெண்ணெய்த் தட்டில் வைத்து, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்துக் கழுவினேன். பிறகு வளையத்தைச் சூடாக்கிக் கழற்றி, தேயாத பக்கம் வரும்படி திருப்பி இறுக்கினார்கள்.

வியாழன் பின்னேரம் குணம் அண்ணை வாகனத்துக்குக் கீழே படுத்துக்கொண்டு பிளைவீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இஞ்சதானே கீறினனான்," என்று மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது. கிராங்கில் பாதிக் கோடு இருந்தது. மற்றப் பாதி என் தட்டில் கரைந்து போயிருந்தது.

முதலாளி தேத்தண்ணிக் கோப்பையோடு வந்தார். "என்னடா குணம், முடிஞ்சுதோ?"

"ஓம் முதலாளி, போல்ட் பூட்டுறன்."

குத்துமதிப்பில் பூட்டுகிறார் என்று எனக்கு விளங்கியது. பிழையாய்ப் போனால் நாளைக்கு அவருக்கு வேலை இல்லை. சொன்னால் எனக்கு இருக்குமோ தெரியாது. பீப்பாயில் தட்டினேன். இரண்டு பேரும் பார்த்தார்கள்.

"அந்தக் கோட்டை நான் கழுவிப்போட்டன்."

முதலாளி குனிந்து பார்த்தார். "எதால கீறினனீ?"

"வெண்கட்டியால," என்றார் குணம் அண்ணை.

"வெண்கட்டியாலயோ? இதென்ன பள்ளிக்கூடமோடா? மண்ணெண்ணெய்க்குப் போற சாமானில வெண்கட்டி!"

நான் அதோடு நின்றிருக்கலாம். ஆனால் இன்னொன்றும் இருந்தது. கண்டும் கேட்காமல் விட்டதால் அதைச் சொல்லத்தான் அதிகம் கஷ்டப்பட்டேன்.

"கழுவேக்க விளிம்பில ஒரு வெட்டுக் கோடு கண்டனான். ஊத்தைக்குள்ள கிடந்தது. தேய்க்கத் தேய்க்க நல்லாத் தெரிஞ்சுது."

முதலாளி கோப்பையைக் கீழே வைத்தார். "அது செய்தவன் வெட்டி வச்ச குறி, பிள்ளை. முதல் பிஸ்டன் உச்சியில நிக்கேக்க அந்தக் கோடு பிளைவீலை மூடுற கூட்டில இருக்கிற முள்ளுக்கு நேர வரும். அதப் பாத்துத்தான் பிளக்கில நெருப்பு விழுற நேரம் வைக்கிறது. டேய் குணம், முதல் பிளக்கைக் கழற்று. ஒரு சைக்கிள் கம்பி கொண்டா."

பிளக் துவாரத்தில் கம்பியை விட்டு, கிராங்கைக் கையால் மெல்லத் திருப்பினார்கள். கம்பி ஏறி ஏறி ஓரிடத்தில் நின்றது. வெட்டுக் கோட்டை முள்ளுக்கு நேரே பிடித்துப் பிளைவீலை ஏற்றினார்கள். குணம் அண்ணை பூட்ட நினைத்த இடத்துக்கு இரண்டு துவாரம் தள்ளி இருந்தது சரியான இடம்.

வெள்ளிக்கிழமை காலையில் ஜீப் ஒரு தரத்தில் பிடித்தது. குணம் அண்ணையும் நானும் வேலையில் தொடர்ந்தோம்.

நான் படித்தது இதுதான். கழுவ முதல் சாமானை ஒரு தரம் சுற்றிப் பார்க்க வேண்டும். தெரியாத கோடு இருந்தால் வெட்கத்தை விட்டு வாயால் கேட்க வேண்டும். பீப்பாயில் தட்டினால் ஆட்கள் திரும்பத்தான் செய்வார்கள். மிச்சத்தை நாம்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த பிளைவீலுக்குக் குணம் அண்ணை உளி வைத்து ஆழமாக ஒரு குறி அடித்தார். என் தட்டில் இறக்கிவிட்டு, முதலாளிக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "இந்தா தங்கச்சி. இதைக் கழுவி அழி பாப்பம்."