கட்டைவிரலில் மை

என் மனைவி இந்தக் கதையை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது.

எண்பதுகளின் தொடக்கம். கிழக்கிலங்கை மருதமுனையில், ஆண்கள் இடுப்பில் உடுக்கும் கைத்தறிச் சாரன்களுக்குக் கரை வரைந்து கொடுப்பது என் தொழில். கட்டத்தாளில் கட்டம் கட்டமாகக் கறுப்பு மை நிரப்புவேன். ஒரு கட்டம் வெள்ளையாக விடுபட்டால் நெசவாளி அதை அப்படியே நெய்துவிடுவான். சாரன் முழுக்கப் பிழை ஓடும். அதனால் வெள்ளைப் புள்ளியைக் கண்டால் யோசிக்காமலே என் கை மை வைத்துவிடும். அந்தக் கையைப் பற்றி எனக்குத் தலைக்கனமும் இருந்தது.

என் மனைவிக்குச் சிறுநீரகத்தில் கல். எக்ஸ்ரே எடுக்க அவளுடைய உம்மாதான் கூட்டிப்போனார். விட்டுவைத்தால் சிறுநீரகமே பழுதாகும், வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிப் படத்தையும் கையில் கொடுத்திருந்தார்கள். நான் அதை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தேன். விலா எலும்புகள் இரண்டு பக்கமும் அத்தனை ஒழுங்காக இறங்கின. அவளுடைய நோயை மறந்து, இது நல்ல கரையாக வருமே என்று பிரதி எடுக்க உட்கார்ந்துவிட்டேன். கீழே மங்கலாக, வட்டமாக ஒன்று தெரிந்தது. கல் அதுதான் என்று நானே முடிவு கட்டினேன். கடைசி விலாவுக்குக் கீழே பயற்றங்கொட்டை அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி அழகைக் கெடுத்தது. பஸ்ஸில் சுருட்டிக்கொண்டு வந்ததில் விழுந்த கீறல் என்று நினைத்தேன். கை அந்தப் படத்திலேயே மை வைத்துவிட்டது.

வெட்டுகிற அன்று காலை, டொக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார். எங்கே வெட்டுவது என்று பென்சிலால் கோடு போடப் போனவர் நின்றுவிட்டார்.

"துண்டுச் சீட்டுல கல் எண்டு இரிக்கு. படத்துல ஒண்டையும் காணல்லியே. இப்ப நோகுதா?"

"ரெண்டு நாளா இல்ல டொக்டர்," என்றாள் அவள்.

"கல் தானா இறங்கியிருக்கும். திரும்பப் படமெடுக்க மெஷினும் பழுது. வீட்ட போங்க, நொந்தா வாங்க."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றாள். கத்திக்குப் பயந்து தூங்காமல் கிடந்தவள், உடுப்புகளைப் பைக்குள் வைக்கத் தொடங்கினாள். "இஞ்சேருங்க, வாங்க போவம்."

நான் படத்தைப் பார்த்தேன். அந்த இடம் மட்டும் சுற்றியிருந்ததைவிடச் சற்றுக் கூடுதலாகக் கறுத்திருந்தது. என் மை. நான் மறைத்தது கீறலை அல்ல, கல்லை. சொன்னால் அவளைக் கத்திக்குக் கொடுப்பவன் நான். பேசாமல் கூட்டிப்போனால் ஒருவருக்கும் தெரியாது. உண்மையைச் சொல்கிறேன், பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனேன். அவள் முன்னால் சிரித்துக்கொண்டு நடந்தாள். உள்ளே கல் இருப்பது தெரியாத அந்தச் சிரிப்புத்தான் என்னைப் பயமுறுத்தித் திருப்பியது.

"டொக்டர், அந்தப் படத்தக் கொஞ்சம் தாங்க."

கட்டைவிரலில் எச்சில் தொட்டுத் தேய்த்தேன். மை கரைந்தது. வெள்ளைப் புள்ளி வந்தது.

"ஆர் வெச்ச மை இது?"

"நாந்தான்."

டொக்டர் படத்தைத் திரும்ப மாட்டி, கடைசி விலாவுக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டார்.

அவள் வளையல்களைக் கழற்றி என் கையில் வைத்தாள். கறுத்துப்போன என் விரலைப் பார்த்தாள்.

"முதல்ல அந்த விரலக் கழுவுங்க. பொறகு எனக்காக ஓதுங்க."

கதவு மூடிய பிறகும் வளையல்கள் என் கையில் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தன.