இறுதிப் போட்டிக்கு வந்த புதுச் சப்பாத்து

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் பதினைந்து வருடம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கால்பந்து அணியில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. ஒரே ஒரு இறுதிப் போட்டியில்தான் தோற்றேன். அன்று காலை வாங்கிய புதுச் சப்பாத்து காலைக் கடித்ததில் பெனால்டியை வானத்துக்கு அடித்துவிட்டேன்.

போன வருடம் நான் பயிற்சி கொடுக்கும் பெண்கள் அணி இரத்தினபுரியில் இறுதிப் போட்டிக்கு வந்தது. எல்லோரும் கொழுந்து எடுக்கும் பிள்ளைகள். வெறுங்காலில் ஆடிப் பழகியவர்கள். ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது தோட்டத்து நிர்வாகியான துரை பெட்டி பெட்டியாகப் புதுச் சப்பாத்து அனுப்பினார்.

"யாரும் போடக் கூடாது," என்றேன்.

"மாஸ்டர், அவங்க எல்லாரும் சப்பாத்தோட வந்திருக்காங்க. எங்களப் பாத்து சிரிப்பாங்க!" அணித்தலைவி அழாத குறை.

"சிரிக்கட்டும். கப்பு யாருக்குன்னு பாப்போம்."

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் பயம்தான். தோற்றால் துரை என்னைத்தான் கேட்பார். கடைசி நிமிடத்தில் அணித்தலைவி வெறுங்காலால் அடித்தாள் பாருங்கள், ஒன்றுக்குப் பூச்சியம்!

"இப்பவாவது போடலாமா, மாஸ்டர்?"

"போடுங்க, போடுங்க."

கப்பு வாங்க மேடை ஏறுவதற்குள்ளேயே நாலு பேர் நொண்டினார்கள். ஆட்டம் பார்க்க வந்திருந்த துரையே சிரித்துவிட்டார்.